பிராதில் நான் எழுதிய பெயர்

என்னைப் போலவே முருகனை நம்பி வாழ்கிறவர்களே, இதை நான் பெருமைக்காக எழுதவில்லை. பல இடங்களில் எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் எனக்குச் செய்ததைச் சொல்லி, நான் செய்ததை மறைத்தால் இந்தச் சாட்சியே பொய்யாகிவிடும்.

2010 ஏப்ரல் மாதம். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் கடைசி செமஸ்டர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் பேப்பர். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. எனக்கு நன்றாக வரும் பாடம் அது. கை நிற்காமல் எழுதிக்கொண்டே போனேன். மூன்றே கால் இருக்கும். ஹாலில் மேற்பார்வைக்கு வந்திருந்த மேடம் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது.

“எழுந்திரு. இது என்னா?”

“தெரியல மேடம்.”

“உன் கால்கிட்ட கெடக்குது, உனக்குத் தெரியலையா?”

பிரித்துப் பார்த்தார். பொடிப்பொடியாக எழுதிய ஃபார்முலாக்கள். நானும் எட்டிப் பார்த்தேன். எல்லாம் முதல் வருஷத்தில் வரும் திரிகோணமிதி.

“மேடம், இது எங்க பேப்பரே இல்ல. இத வெச்சிக்கினு இதுல ஒரு கேள்விகூட எழுத முடியாது மேடம்.”

“எந்தப் பேப்பரா இருந்தா எனக்கென்ன? ஹாலுக்குள்ள எழுதுன தாள் வெச்சிருந்தாலே மால்பிராக்டிஸ்தான். குடு அத.”

என் விடைத்தாளை என் கைக்கடியிலிருந்து உருவினார். ஒரு கணக்கு பாதியில் நின்றது. அறுபது பேர் எழுதும் ஹால். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தியைத் தவிர. எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த தேன்மொழி மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. எழுதிக்கொண்டே இருந்தாள்.

அது எனக்குப் போதுமாக இருந்தது. இவள்தான் போட்டிருக்கிறாள் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

தேன்மொழி யார் என்று சொல்ல வேண்டும். என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகள். எனக்கு மாமா பொண்ணு. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் எங்கள் ஊர். அவர்கள் வீடும் எங்கள் வீடும் எதிரெதிர். என் அண்ணனுக்கும் தேன்மொழியின் அக்காவுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. பந்தக்காலுக்கு நாள் பார்த்த பிறகு, திருப்பூரில் வேலை பார்த்த என் அண்ணன் அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குப் போன் செய்தான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அந்த அக்கா ஒரு வருஷம் வாசல்படி தாண்டவில்லை. என் அம்மாவோ, தன் மகன் செய்தது தவறு என்று ஒரு நாளும் ஒப்புக்கொள்ளவில்லை. “அந்தப் பொண்ணுக்கு ராசி இல்ல” என்று ஊரெல்லாம் சொன்னாள். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.

இப்படி இருக்கும்போதுதான் நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் போய் விழுந்தோம். என் பெயர் தமிழ்ச்செல்வி. ஆங்கில எழுத்து வரிசையில் எனக்கு அடுத்த பெயர் அவளுடையது. அதனால் பரீட்சைக்குப் பரீட்சை நான் முன்னால், அவள் பின்னால். மூன்று வருஷம். ஒரே டவுன் பஸ்ஸில் போவோம். லால்பேட்டையில் கூட்டம் ஏறி எங்களை இடித்துப் பக்கத்தில் தள்ளினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவள் கீழே போட்ட பேனாவைக்கூட நான் எடுத்துக் கொடுத்ததில்லை. காலால் தள்ளிவிட்டிருக்கிறேன்.

ஆபீஸ் அறையில் என்னிடம் எழுதி வாங்கினார்கள். “இந்தத் தாள் என்னுடையது இல்லை” என்றுதான் எழுதினேன். மீதி இரண்டு பேப்பரை எழுதலாம், ஆனால் விசாரணை முடியும்வரை ரிசல்ட் வராது என்றார்கள். குற்றம் என்று முடிவானால் அந்த செமஸ்டர் மொத்தமும் ரத்து. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் எழுத விட மாட்டார்கள்.

நான் கடலூரில் எம்.எஸ்ஸி. சேர்வதாக இருந்தேன். அப்பா ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறவர். “டிகிரிய ஒழுங்கா முடிச்சிட்டு வா, மேல படிக்க வைக்கிறன். நடுவுல நின்னுச்சுன்னா கல்யாணந்தான்” என்று முதல் வருஷமே சொல்லியிருந்தார். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு வரனும் வந்து காத்திருந்தது. எனக்கு எல்லாம் முடிந்துபோனது போல இருந்தது. மீதி இரண்டு பேப்பரை எப்படி எழுதினேன் என்று இப்போதும் தெரியவில்லை. வகுப்பில் ஒருத்தியும் என் பக்கத்தில் நிற்கவில்லை. மூன்று வருஷம் என் நோட்டை வாங்கி எழுதினவள், “எதுக்கும்மா வம்பு” என்று சொல்லித் தள்ளிப் போனாள். என்னிடம் ஸ்கேல் வாங்கியிருந்தவள் வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினாள்.

வீட்டில் அம்மா கேட்ட முதல் கேள்வி, “பின்னால அவதான ஒக்காந்திருந்தா?”

“ஆமாம்மா. அவதான்.”

அப்பா மட்டும், “நீ பாத்தியா?” என்றார்.

“பாக்கணுமா? வேற யாருக்கு என் மேல பகை?”

அப்பா எழுந்து மில்லுக்குப் போய்விட்டார். அம்மா அப்போதே நாள் குறித்துவிட்டாள். பரீட்சை முடிந்த மறுநாள் நாங்கள் இருவரும் விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறினோம்.

அந்தப் பக்கத்தில் பிராது கட்டும் முருகன் கோயில் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நமக்கு ஒருவர் அநியாயம் செய்தால் அதை ஒரு தாளில் எழுதி, நம் பெயர், ஊர், எதிரியின் பெயர் எல்லாம் போட்டு அவர் காலடியில் வைத்துக் கும்பிட வேண்டும். பிறகு அதைச் சுருட்டி அங்கே நட்டிருக்கும் வேலில் கட்டிவிட வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பது மாதிரிதான். அவரே விசாரித்துத் தீர்ப்பு சொல்வார் என்பது நம்பிக்கை. மூன்று மாதத்துக்குள் நடக்கும் என்பார்கள். விவகாரம் தீர்ந்தால் திரும்பப் போய் வாபஸ் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதத் தெரியாதவர்களுக்கு அங்கே எழுதிக் கொடுக்க ஆள் உண்டு. நான் படித்தவள். நானே எழுதினேன். என்ன எழுதினேன் என்று மறைக்காமல் சொல்கிறேன்.

“என் மாமா மகள் தேன்மொழி, பகையை மனதில் வைத்துக்கொண்டு பிட் தாளை என் காலடியில் போட்டாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவள் படிப்பு நாசமாக வேண்டும். அவள் குடும்பம் தலைகுனிய வேண்டும். என் படிப்பு எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்.”

கண்ணால் பார்த்தேன் என்று எழுதும்போது பேனா நிற்கவில்லை. சாமி கேட்டுக்கொண்டு இருக்கிறாரே என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. வேண்டுதலில்கூடப் பாருங்கள், முதலில் அவள் நாசம், கடைசியில்தான் என் படிப்பு. வேல் முழுக்க நூற்றுக்கணக்கான சுருள்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் பெயர். அதற்கு நடுவில் என்னுடையதை இறுக்கிக் கட்டினேன். அம்மாவுக்குப் பரம திருப்தி. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தாள். இருவரும் மிளகாய்த்தூள் போட்டுச் சாப்பிட்டோம். கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர்கள் மாதிரி வந்தோம்.

நாலு நாள் கழித்துத் தெருக்குழாயில் சண்டை. தண்ணீர் பிடிக்க நின்றிருந்த தேன்மொழியின் அம்மா, என் அத்தை, யாரிடமோ சொல்வது போல எங்களுக்குக் கேட்கச் சொன்னாள்.

“படிக்கப் போறன்னு சொல்லிட்டுப் பிட் அடிச்சி மாட்டிக்கினு வந்திருக்குதுங்க. புள்ள ஒரு பக்கம் மானத்த வாங்குச்சு, பொண்ணு ஒரு பக்கம்.”

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

“வாய அடக்கு அண்ணி. உம் பொண்ணு பேர எழுதி வேல்ல கட்டிட்டு வந்திருக்கோம். மூணு மாசம். என்னா ஆவுதுன்னு பாரு.”

தெரு அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் பெயரில் பிராது கட்டுவது சாதாரணக் காரியம் இல்லை. செருப்பால் அடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், இதைப் பொறுக்க மாட்டார்கள். அத்தை அங்கேயே மண்ணை வாரித் தூற்றினாள். மாமா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து, தன் கூடப்பிறந்த தங்கையைப் பார்த்து, “நீ செத்தாலும் நான் கோடி போட வர மாட்டன்” என்றார். அம்மாவும், “நீ வந்தாலும் வாசல்ல விட மாட்டன்” என்றாள்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் தேன்மொழி நேராக என்னிடம் வந்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அன்றைக்குத்தான்.

“என் பேர எழுதிக் கட்டினியாமே?”

“ஆமா.”

“என்னான்னு எழுதின?”

“நீ பிட்டப் போட்டன்னு.”

“நீ பாத்தியா?”

நான் பஸ் வரும் பக்கம் பார்த்தேன்.

“கேக்கறன் இல்ல? நான் போட்டத நீ பாத்தியாடி?”

“நீதான பின்னால இருந்த.”

“பின்னால இருந்தா போட்டுருவனா? மூணு வருஷமா உன் சடையப் பாத்துக்கினுதான் ஒக்காந்திருக்கன். உன்ன எதனா செய்யணும்னா எப்பவோ செஞ்சிருப்பன்.” அவள் கண் சிவந்திருந்தது. அழவில்லை. “எங்க அக்காவ அந்த மாதிரி ஒக்கார வெச்சீங்களே, நாங்க யார் பேர்லனா கட்டினமா? அப்பா கட்டலாம்னுதான் சொன்னாரு. அக்காதான் வேணாம்னுச்சு.”

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“அவரு உன் பேப்பர மட்டும் படிக்க மாட்டாரு. எல்லாத்தையும் பாப்பாரு. ஞாபகம் வெச்சிக்க.”

நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கு முழுவதும் எனக்கு ஒரே கேள்விதான். பார்த்தியா, பார்த்தியா. அப்பா கேட்டார், இவளும் கேட்கிறாள். சாயங்காலம் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றிவிட்டு நின்றேன். வாய் திறந்து பேசினேன்.

“நான் பாக்கலப்பா. பாத்ததா எழுதிட்டன். ஆனா அவளாத்தான் இருக்கும். இல்லன்னா நீயே காட்டு. எனக்கு அவளப் புடிக்கல. அவ நல்லா இருக்கணும்னு என்னால வேண்ட முடியாது. என் படிப்ப மட்டும் எடுத்துறாத. மத்தது எது உண்மையோ அது வரட்டும்.”

பிரார்த்தனை என்று சொன்னால் இதுதான் என் பிரார்த்தனை. அழகாக வேண்டத் தெரியவில்லை. விருத்தாசலம் போய் அந்தத் தாளை அவிழ்த்து வந்துவிடலாமா என்று நினைத்தேன். போகவில்லை. அவிழ்த்தால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை, அவள் ஜெயிக்கக் கூடாது. அப்படித்தான் இருந்தேன்.

மே மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவும் கூட வந்தார். அவரை உள்ளே விடவில்லை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வராண்டாவில் நின்றார். உள்ளே மூன்று பேர். இரண்டு சார், வேறொரு மேடம். நான் நமஸ்காரம் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கண் கலங்கியதைப் பார்த்ததும் அந்த மேடம், “அழாத. வர்றவங்க எல்லாம் இதையேதான் செய்றீங்க. அழுதா விட்ருவோம்னு நெனப்பு” என்றார். அழுகை நின்றுவிட்டது. கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் என்னை நிற்க வைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருத்தராக அழைத்து என் எதிரிலேயே கேட்டார்கள். முன்னால் இருந்தவள், “நான் கவனிக்கல சார்” என்றாள். வலது பக்கத்தில் இருந்தவளும் அதையே சொன்னாள். இடது பக்கத்தில் இருந்தவள் இன்னும் ஒருபடி மேலே போய், “அவ அடிக்கடி கீழ குனிஞ்சா மாதிரி இருந்துச்சு” என்றாள். நான் ஒரு தடவைகூடக் குனியவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. சும்மா சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியாகத் தேன்மொழி வந்தாள். இவள் பெயரை வேலில் கட்டியிருக்கிறேன். இவள் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். “ஆமா சார், பிட்ட அவதான் வெச்சிருந்தா.” அவ்வளவுதான். என் கதை முடிந்தது.

பெரிய சார் கேட்டார். “நீங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்களாமே? பேசிக்குவீங்களா?”

“மாட்டோம் சார். எனக்கு இவளப் புடிக்காது.”

“சரி. அன்னைக்கு என்ன நடந்துச்சு?”

“அந்தத் தாளு அவ கொண்டாந்தது இல்ல சார்.”

மேடம் நிமிர்ந்தார். “உனக்கு எப்படித் தெரியும்?”

“அது பெஞ்சுக் காலுக்கு அண்டக் குடுத்திருந்தது மேடம். பெஞ்சு ஆடாம இருக்க யாரோ மடிச்சு அடியில வெச்சிருந்தாங்க. ஹாலுக்குள்ள வந்தப்பவே பாத்தன். இவ ஒக்காந்து பெஞ்ச முன்னால இழுத்தா. அது வெளிய வந்துருச்சு. இவ கவனிக்கல.”

பெரிய சார் பேனாவைக் கீழே வைத்தார்.

“இத அன்னைக்கே ஏன் சொல்லல?”

தேன்மொழி தரையைப் பார்த்தாள். “மாட்டட்டும்னு இருந்துட்டன் சார்.”

“இப்ப மட்டும் என்ன வந்துச்சு?”

“என் பேர்ல பிராது கட்டியிருக்கா சார். நான்தான் பிட்டப் போட்டன்னு எழுதியிருக்கா. அது பொய். ஆனா நான் இப்பவும் வாய மூடிக்கினு இருந்தா, அந்தப் பொய் மெய்யாயிடும். இவ கெட்டதுக்கு நான்தான் காரணம்னு ஆயிடும். சாமிகிட்ட நான் என்னான்னு பதில் சொல்வன்?”

மேடம் சிரித்தார். “காலேஜ்ல படிக்கிற பொண்ணு பேசுற பேச்சா இது?” ஆனால் பெரிய சார் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த உறையைப் பிரித்து அந்தத் தாளை எடுத்தார். ஜன்னல் பக்கம் எடுத்துப் போய், மடித்த மாதிரியே மடித்துப் பார்த்தார். அதன் ஒரு மூலையில் சதுரமாகத் துருக்கறை. நடுவில் பள்ளம். அத்தனை நாள் அது அவர்கள் கையில்தான் இருந்தது. ஒருவரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

எல்லோரும் அந்த ஹாலுக்குப் போனோம். என் பெஞ்சு அதே இடத்தில் இருந்தது. சார் கையால் தொட்டதும் ஆடியது. இரும்புக் காலின் அடியில் அந்தத் தாளை வைத்தார். கறை காலோடு பொருந்தியது. பெஞ்சு ஆட்டம் நின்றது.

யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மேடம், “இனிமேனா கீழ மேல பாத்துட்டு ஒக்காரு” என்றார், தப்பு என்னுடையது போல. தேன்மொழியிடம் உண்மையை மறைத்ததற்கு எழுதி வாங்கினார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் நான்.

இந்த இடத்தில் நான் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. எனக்கு நன்றியே வரவில்லை. பார்த்திருக்கிறாள், தெரிந்திருக்கிறாள், மூன்று வாரம் என்னை நெருப்பில் நிற்க வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறாள் என்ற ஆத்திரம்தான் வந்தது. அவளும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

“தேன்மொழி” என்றேன்.

“பேசாத. உனக்காக ஒண்ணும் சொல்லல.”

அப்பா வராண்டாவிலிருந்து எங்களைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. நேராக அவளிடம் போனார். இரண்டு கையையும் கூப்பினார். அவள் பதறிவிட்டாள். “ஐயோ, என்னா மாமா நீங்க” என்று அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். “வரன் மாமா” என்று சொல்லிவிட்டு வேகமாகப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. உண்மை வரட்டும் என்றேன், வந்தது. படிப்பு வேண்டும் என்றேன், திரும்பி வந்தது. ஆனால் யார் வாயிலிருந்து? நாசமாகப் போகட்டும் என்று யார் பெயரை எழுதினேனோ, அவள் வாயிலிருந்து. நான் கட்டிய தாளைத் தூக்கி எறியாமல், அதில் இருந்த பொய்க்காக என்னைத் தண்டிக்காமல், அந்தத் தாளைக் கொண்டே அவளைப் பேச வைத்தார். நான் எழுதிப் பொய் சொன்னேன். அவள் பேசாமல் இருந்து பொய் சொன்னாள். அவள் தன்னுடையதை முதலில் திருத்திக்கொண்டாள். நான் அப்போதும் திருத்தவில்லை.

ஜூன் மாதம் ரிசல்ட் வந்தது. அந்தப் பேப்பரில், பிடுங்குவதற்கு முன் எழுதியதை மட்டும் திருத்தினார்கள். பாஸ் ஆகிவிட்டேன். கடலூரில் எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. அம்மாவிடம் சொல்லாமல் தனியாக விருத்தாசலம் போனேன். கோயில் அலுவலகத்தில் இருந்தவர் வாபஸ் எழுத ஒரு தாள் கொடுத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டார்.

“சமாதானம் ஆயிட்டீங்களா?”

“இல்லீங்க.”

“அப்புறம் எதுக்கு வாபஸ்?”

“நான் எழுதுனது பொய்ங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “காரணம்னு போட்டிருக்குது பாரு, அங்க எழுது” என்றார். எழுதினேன். “பார்த்தேன் என்று எழுதினேன். பார்க்கவில்லை. மன்னிக்க வேண்டும்.” இந்த முறை பேனா நின்று நின்றுதான் போனது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா என்னை அடித்தாள். “அவ மூணு வாரம் வாய மூடிக்கினு இருந்தா, அதுக்குக் கேள்வி இல்லையா? நீ போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்தியா?” அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சொன்னேன். “அண்ணன் அந்த அக்காவுக்குச் செஞ்சது தப்பும்மா. நாம பேசுனது அதைவிடத் தப்பு.” இன்னொரு அடி விழுந்தது. பத்து நாள் என்னிடம் பேசவில்லை. இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சு கிடையாது. அதை நான் மாற்ற முயன்றேன், முடியவில்லை. அதையும் அவரிடமே விட்டிருக்கிறேன்.

எம்.எஸ்ஸி. முதல் நாள் கடலூரில் வகுப்புக்குள் நுழைந்தால் தேன்மொழி உட்கார்ந்திருக்கிறாள்! மறுபடியும் இரண்டு வருஷம் பரீட்சைக்குப் பரீட்சை என் பின்னால். நாங்கள் தோழிகள் ஆகவில்லை. ஒரே கேன்டீனில் வேறு வேறு மேசை. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. அவள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பயம் இல்லை. என்னைப் பிடிக்காத ஒருத்தி என் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாள் என்று தெரிந்து எழுதுவது எவ்வளவு நிம்மதி என்று, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் வாழ்க்கையில் மாறியதையும் சொல்கிறேன். கடலூர் ஹாஸ்டலில் ஒருத்தியின் செல்போன் தொலைந்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து படித்த ஒரு பெண் மேல் எல்லோரும் பழி போட்டார்கள். வார்டனுக்கு ஒரு மனு எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். என் முறை வந்தபோது, “நான் பாக்கல. போட மாட்டன்” என்றேன். “அப்ப நீயும் கூட்டா?” என்றார்கள். அந்த வருஷம் முழுக்க என் அறையில் யாரும் என்னோடு சாப்பிடவில்லை. அந்தப் போன் கடைசிவரை கிடைக்கவும் இல்லை. நான் சரியாகச் செய்தேனா என்று காட்டக்கூட ஒன்றும் நடக்கவில்லை. பரவாயில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதும் கை எனக்கு இப்போது இல்லை. இதுவும் அவர் கொடுத்ததுதான்.

இது 2012. முதல் வகுப்பில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டேன். அடுத்து எம்.ஃபில். படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஸ்ரீமுஷ்ணத்து வரனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அப்பா இப்போது, “நீ எதுவரைக்கும் படிக்கணுமோ படி” என்கிறார். ரைஸ் மில்லில் கேட்கிறவர்களிடம் எல்லாம் என் பொண்ணு கணக்கில் ஆராய்ச்சி செய்யப் போகிறாள் என்று சொல்கிறாராம். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறாராம்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இன்று அநியாயம் நடந்திருக்கலாம். பரீட்சையில், ஆபீஸில், சொந்தத்தில். சாமி முன்னால் நிற்க மனசு சுத்தமாக இருக்க வேண்டுமே, நமக்குள் இவ்வளவு வெறுப்பு இருக்கிறதே என்று தயங்காதீர்கள். வெறுப்பைக் கழுவிவிட்டுத்தான் வர வேண்டும் என்றால் நான் இன்றுவரை அந்தக் கோயில் வாசலை மிதித்திருக்க முடியாது. கோபத்தோடு வாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டே வாருங்கள். உள்ளதை உள்ளபடி அவரிடம் கொட்டுங்கள். அவர் யாரைக் கொண்டு பதில் சொல்வார் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.